புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்: பிளஸ் டூ மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம் டியூஷனுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளில் நாலைந்து பேராவது ஒரு டைம்டேபிள் கொண்டுவந்து காட்டுவார்கள். சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டு, பாடத்துக்கு ஒரு நிறம் தீட்டியிருப்பார்கள். காலை 4.30க்கு எழுவது, 5 மணிக்குக் கணக்கு, இரவு 10.30 வரை வேதியியல். நாலாம் நாள் கேட்டால், "நேத்து மாமா வந்துட்டாங்க சார், அதான்..." என்று தலையைச் சொறிவார்கள். ஒரு வாரத்தில் அந்த சார்ட் பேப்பர் பீரோவுக்குப் பின்னால் போய்விடும்.

பிள்ளைகளிடம் ஆசைக்குக் குறைவில்லை. டைம்டேபிளில் இரண்டு விஷயம்தான் விட்டுப்போகிறது. மணி இருக்கிறது, அந்த மணிக்கு எது நம்மை எழுப்பி உட்கார வைக்கும் என்பது இல்லை. பாடத்தின் பெயர் இருக்கிறது, உட்கார்ந்தபின் கையும் மூளையும் என்ன செய்யவேண்டும் என்பது இல்லை. இந்த இரண்டையும் சரிசெய்வதுதான் கீழே வருவது முழுக்க. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். அதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த களம். பத்தாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் சிறு மாற்றங்களோடு இதுவே பொருந்தும்.

முதல் படி: ஒரு வாரம் வெறுமனே கணக்கு எழுதுங்கள்

டைம்டேபிள் போடாதீர்கள். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில், பள்ளி விட்டு வந்ததிலிருந்து தூங்கும்வரை என்ன செய்தீர்கள் என்று ஏழு நாளுக்கு எழுதுங்கள். வெட்கப்படாமல் எழுதுங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை. "5.10 வீடு. 5.40 வரை போன். தண்ணீர் பிடித்தேன். 6.30 தம்பிக்கு ஹோம்வொர்க். 7 முதல் 8.30 படிப்பு என்று பெயர், பாதி நேரம் டிவி சத்தம்."

ஏழாம் நாள் பார்த்தால் இரண்டு உண்மை தெரியும். தினமும் மாறாமல் நடக்கும் காரியங்கள் சில உண்டு: முகம் கழுவுவது, டீ குடிப்பது, விளக்கேற்றுவது, சாப்பாடு. உங்கள் கையில் இல்லாத நேரமும் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம். பாத்திரம், கோலம், தம்பியின் சாப்பாடு என்று அவர்கள் மாலை துண்டு துண்டாகப் போவதை நோட்டில் பார்த்தபிறகுதான் எனக்கே புரிந்தது, "ஏன்மா நேரம் இல்லங்கிற?" என்று கேட்டது எவ்வளவு அபத்தம் என்று.

இரண்டாம் படி: மணியை விடுங்கள், ஒரு வேலையின் வாலைப் பிடியுங்கள்

"6 மணிக்குப் படிப்பேன்" என்பது பலிக்காது. ஆறு மணிக்கு பஸ் வராமல் போகலாம், கரண்ட் போகலாம். "டீ டம்ளரைக் கழுவி வைத்ததும், ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து, இயற்பியல் நோட்டைத் திறப்பேன்" என்பது பலிக்கும். எது முடிந்ததும், எங்கே, என்ன என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இப்படி முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் நினைத்ததை அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். டீ இருக்கும்வரை படிப்பும் இருக்கும். டீ ஐந்து மணிக்கு வந்தாலும் சரி, ஆறரைக்கு வந்தாலும் சரி.

முதல் இரண்டு வாரம் இருபது நிமிடம் போதும். ஆசை வந்தாலும் இருபதுக்கு மேல் போகாதீர்கள். இதைச் சொன்னால் பெற்றோருக்குக் கோபம் வரும், "பிளஸ் டூல இருபது நிமிஷமா?" என்று. டியூஷனும் வீட்டுப்பாடமும் எப்போதும்போல் நடக்கட்டும். இந்த இருபது நிமிடம் அதற்கு மேல், யாரும் சொல்லாமல் நீங்களாக உட்காரும் நேரம். இப்போது நாம் கட்டுவது உட்காரும் பழக்கத்தை. அளவை அப்புறம் ஏற்றலாம். முதல் நாளே மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர் இரண்டாம் நாள் ஸ்டூலைப் பார்த்தாலே அலுத்துப்போகிறார்.

எத்தனை நாளில் பழகும்? "21 நாளில் பழக்கம் வந்துவிடும்" என்று எல்லா வாட்ஸப் குழுவிலும் சுற்றுகிறதே, அதை நம்பி 22ஆம் நாள் ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். சாப்பாட்டோடு பழம் சேர்ப்பது, தண்ணீர் குடிப்பது, ஓடுவது போல ஆளுக்கொரு புதுப் பழக்கம். யோசிக்காமலே செய்யும் நிலை வர எடுத்த நாள்களின் நடுமதிப்பு 66. ஆளைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை விரிந்தது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணித்துச் சொன்னவை). படிப்பை அவர்கள் சோதிக்கவில்லை. ஆனாலும் கைக்கணக்குக்கு இதை வைத்துக்கொள்ளலாம்: ஜூன் 10 அன்று தொடங்கினால் 66ஆம் நாள் ஆகஸ்ட் 14. காலாண்டுத் தேர்வுக்கு முன்பே வந்துவிடுகிறது. பொதுத்தேர்வு மார்ச்சில். அவசரமே இல்லை.

மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்குப் பத்து நிமிடம் ஏற்றுங்கள். ஒரு அமர்வு 40, 45 நிமிடத்தைத் தாண்டினால் இரண்டாக உடைத்து நடுவில் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலியக் கல்லூரி மாணவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று ஆரம்பித்தது இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. சிலருக்கு 25 பொருந்தும். கணக்குப் போடும்போது அது நடுவில் அறுத்துவிடும். ஒரு கணக்கு முடியும் இடத்தில் நிறுத்துவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மூன்றாம் படி: இடமும் போனும்

ஒரே அறை, அதில் டிவி, அதில் பாட்டி. பலர் வீடு இப்படித்தான். தனி அறை, மேஜை, டேபிள் லாம்ப் என்று எழுதும் வழிகாட்டிகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மொட்டை மாடி, பக்கத்து வீட்டுத் திண்ணை, பள்ளியிலேயே அரை மணி தங்குவது, ஊர்க் கிளை நூலகம், எது கிடைக்கிறதோ அது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு. சத்தம் அடங்காத வீட்டில் சீரியல் நேரத்தில் எழுத்து வேலையை வையுங்கள்: படம் வரைவது, ரெக்கார்டு நோட்டு, விடைத் திருத்தம். யோசிக்கும் வேலையை அதிகாலைக்கோ மாடிக்கோ தள்ளுங்கள்.

போன் பற்றி நீளமாகப் பேச விருப்பமில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே சிக்கல், வீட்டுப்பாடமே போனில்தான் வருகிறது. அதனால் முதலில் வாட்ஸப்பில் வந்ததைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு போனை அம்மாவிடம் கொடுத்து அடுப்படி அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். சைலண்டில் போட்டுத் தொடைக்கு அடியில் வைப்பது கணக்கில் சேராது.

நான்காம் படி: புத்தகத்தை மூடுங்கள்

இதுதான் முக்கியமான படி, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் படிப்பது என்றால் கண் புத்தகத்தில் இருக்கவேண்டும், வாய் அசையவேண்டும். நானும் பல வருடம் பிள்ளைகளை அப்படித்தான் உட்கார வைத்தேன். "சத்தமா படி, எனக்குக் கேக்கணும்." எல்லோரும் சத்தமாகப் படித்தார்கள். மறுநாள் கேட்டால் முதல் இரண்டு வரி வரும், அப்புறம் கண் மேலே போகும். ஒரு நாள் கரண்ட் போனது. இருட்டில் சும்மா இருக்கவேண்டாம் என்று, "சரி, இப்ப படிச்சத ஆளுக்கொரு வரி சொல்லுங்க" என்றேன். முதலில் தடுமாறினார்கள். ஒருவன் விட்டதை இன்னொருத்தி பிடித்தாள், தப்பை மூன்றாமவன் திருத்தினான். அந்த வாரத் தேர்வில் அந்த ஒரு பாடத்தை மட்டும் எல்லோரும் நன்றாக எழுதியிருந்தார்கள். அப்போதுகூட எனக்கு உடனே உறைக்கவில்லை. கேள்வி சுலபம் என்றுதான் நினைத்தேன்.

2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதியை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சிலர் அதை இரண்டு முறை வாசித்தார்கள். சிலர் ஒரு முறை வாசித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. ஆபத்து அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. திரும்பத் திரும்ப வாசித்தவுடன் "எல்லாம் தெரியுது" என்று ஒரு நிறைவு வருகிறது. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, ஐந்து மாதம் கழித்து வருகிறது.

இதற்கு அமெரிக்காவரை போகவேண்டிய அவசியமும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் மாணவன் செய்யவேண்டியவற்றைப் பட்டியல் போடுகிறார். "பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல்" என்று அதில் வருகிறது. ஓலையைத் திரும்பப் புரட்டு என்று சொல்லவில்லை, கேட்டதை நினைத்துப் பார் என்கிறார். வினாவுதல், வினவியதற்கு விடை சொல்லுதல் இரண்டும் அதே பட்டியலில் உண்டு. நாம்தான் "போற்றல்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

எப்படிச் செய்வது? ஒரு உதாரணம். இயற்பியலில் வீட்ஸ்டோன் சமனச்சுற்று, ஐந்து மதிப்பெண் கேள்வி.

புத்தகத்தில் அந்தப் பக்கத்தை ஒரு முறை, அவசரமில்லாமல், ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்டபடி படியுங்கள். மூடுங்கள். வெற்றுத் தாளில் முதலில் படம்: நான்கு மின்தடை, நடுவில் கால்வனாமீட்டர், மின்கலம். படம் வரவில்லையென்றால் உடனே திறக்காதீர்கள், ஒரு நிமிடம் திண்டாடுங்கள். அந்தத் திண்டாட்டம்தான் வேலை செய்கிறது. பிறகு கிர்க்காஃபின் இரண்டு விதியையும் பொருத்துங்கள். கால்வனாமீட்டரில் மின்னோட்டம் சுழியானால் இரண்டு பக்கமும் மின்னழுத்த இறக்கம் சமம். ஒரு சமன்பாட்டை இன்னொன்றால் வகுத்தால் பி-க்கும் க்யூ-வுக்கும் உள்ள விகிதம் ஆர்-க்கும் எஸ்-க்கும் உள்ள விகிதத்துக்குச் சமம் என்று வந்து நிற்கும். எங்கே அறுந்ததோ அங்கே ஒரு கோடு போட்டு, இப்போது புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போன வரியை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதுங்கள். அந்தச் சிவப்பு வரிதான் நாளைக்கு நீங்கள் படிக்கவேண்டியது. மற்றது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

முதல் வாரம் இது எரிச்சலாக இருக்கும். வாசிக்கும்போது இருபது நிமிடத்தில் பத்துப் பக்கம் போகும், இப்படிச் செய்தால் ஒரு பக்கம்கூடப் போகாது. பயந்து பழையபடி வாசிப்புக்குத் திரும்பாதீர்கள். யூடியூபில் பாடம் பார்ப்பவர்களுக்கும் இதேதான்: ஒரு வீடியோ, நிறுத்தம், தாள், பேனா. அடுத்த வீடியோ அதன்பிறகு.

ஹைலைட்டர் வாங்கும் காசில் ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்குங்கள். 2013இல் டன்லாஸ்கியும் குழுவினரும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டுப் பார்த்ததில் அடிக்கோடிடுவதும் மறுவாசிப்பும் அடிமட்டத்தில் வந்தன. தன்னைத்தானே சோதிப்பதும், நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன.

ஐந்தாம் படி: காலண்டர் தாள்

இடைவெளி என்றேனே, அதற்கு வருகிறேன். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் முடிவுகளை வெளியிட்டார். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்குமேல் போய்விட்டது. ஒரு நாளில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனால் அதற்குப் பிறகு சரிவு மெதுவாகிறது, ஒரு மாதத்திலும் ஐந்தில் ஒரு பங்கு நின்றது. பொருள் புரிந்து படிக்கும் பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது. ஆனாலும் சரிவின் வடிவம் இதுதான். முதல் ஓரிரு நாளில் ஒரு முறை தொட்டுவிட்டால் மிச்சப்படுவது அதிகம்.

இதற்கு என் பிள்ளைகளிடம் நான் சொல்லிக்கொடுக்கும் வழி வீட்டுச் சுவரில் இருக்கிறது. மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ கொடுக்கும் தினசரி காலண்டரில் தினம் ஒரு தாள் கிழிக்கிறீர்கள் அல்லவா? கிழித்த தாளின் பின்பக்கத்தில், அந்த நாள் படித்ததிலிருந்து மூன்றே மூன்று கேள்வி எழுதுங்கள். விடை எழுதக்கூடாது. தேதி முன்பக்கத்தில் பெரிதாக அச்சடித்தே இருக்கிறது, நீங்கள் எழுதவேண்டாம். அதை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டு வையுங்கள்.

இன்று 15ஆம் தேதி என்றால், 14, 12, 8 ஆகிய மூன்று நாள் தாள்களை வெளியே எடுங்கள். நேற்று, மூன்று நாள் முன், ஒரு வாரம் முன். மொத்தம் ஒன்பது கேள்வி. புத்தகம் இல்லாமல் விடை சொல்லுங்கள், அல்லது கிறுக்குங்கள். ஒரு வாரத் தாளிலும் மூன்றும் வந்துவிட்டால் அது இரண்டாம் கவருக்குப் போகும், அதை மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் போதும். வராத கேள்வியை மட்டும் இன்றைய தாளில் மறுபடி எழுதுங்கள், அது புதுக் கேள்வியாகப் பயணத்தைத் தொடங்கும். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் அட்டைகளையும் பெட்டிகளையும் வைத்துச் சொன்ன முறையின் ஏழை வீட்டு உறவு இது. அட்டை வாங்கவேண்டாம், ஆப் வேண்டாம், தேதி மறக்காது.

கேள்வியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். "கான்னிசாரோ வினை" என்று தலைப்பை எழுதினால் அது கேள்வி அல்ல. "ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாத ஆல்டிஹைடு அடர் சோடியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்தால் என்ன இரண்டு பொருள் கிடைக்கும்? ஏன் ஆல்ஃபா ஹைட்ரஜன் இருக்கக்கூடாது?" இது கேள்வி. புத்தகத்தின் பின்னால் உள்ள ஒரு மதிப்பெண் கேள்விகளை அப்படியே எழுதாதீர்கள். "விடை ஆ" என்பது மட்டும் நினைவில் நிற்கும், எண்ணை மாற்றிக் கேட்டால் விழுவீர்கள்.

பலருக்கு இந்தத் தாளே, டீ டம்ளரைப்போல, படிப்பைக் கட்டி வைக்கும் நங்கூரமாகவும் ஆகிவிடுகிறது. காலண்டர் கிழிக்காமல் யாரும் விடமாட்டார்கள், அப்பா திட்டுவார்.

ஆறாம் படி: கணக்கைக் கலந்து போடுங்கள்

பயிற்சி ஒன்றை எடுத்தால் பத்துக் கணக்கும் ஒரே மாதிரி. முதல் கணக்கில் முறை தெரிந்துவிடுகிறது, மீதி ஒன்பதும் கை ஓட்டம். வகைக்கெழுச் சமன்பாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாறிகளைப் பிரிப்பது ஒரு பயிற்சி, சமபடித்தானவை ஒரு பயிற்சி, நேரியல் ஒரு பயிற்சி. மூன்றையும் தனித்தனியாக முடித்த பிள்ளை தேர்வில் ஒன்றைப் பார்த்ததும் விழிக்கும், "சார், இது எந்தப் பயிற்சில வரும்?" கேள்வித்தாளில் பயிற்சி எண் போடமாட்டார்கள். எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் பாதிக் கணக்கு.

2007இல் ரோரர், டெய்லர் இருவரும் கன அளவுக் கணக்குகளை வைத்துச் சோதித்தார்கள். வகை வகையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. ஆகவே புதுப் பயிற்சியில் மூன்று நான்கு கணக்கு மட்டும் அன்று போடுங்கள். மீதியைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, பழைய பாடக் கணக்குகளோடு குலுக்கி, தினமும் நான்கு எடுங்கள். எடுத்ததும் உடனே போட ஆரம்பிக்காமல் "இது என்ன வகை, எதனால் அப்படிச் சொல்கிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஏழாம் படி: வாரம் ஒருமுறை கடிகாரத்தோடு

தெரிந்தும் மதிப்பெண் போகிறது என்று அழுபவர்கள் பலர். பெரும்பாலும் கை வேகமும் நேரமும்தான் காரணம். கணிதத்தில் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்: 20 ஒரு மதிப்பெண், ஏழு இரண்டு மதிப்பெண், ஏழு மூன்று மதிப்பெண், ஏழு ஐந்து மதிப்பெண். கேள்வித்தாள் படிக்க 10 நிமிடம், விவரம் நிரப்ப 5 நிமிடம் போக எழுத மூன்று மணி நேரம். மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயற்பியலில் 70 மதிப்பெண்ணுக்கும் அதே மூன்று மணி நேரம், ஆனால் படமும் விளக்கமும் எழுதவேண்டும்.

சனிக்கிழமை ஒன்றை ஒதுக்கி, பழைய கேள்வித்தாளில் ஐந்து மதிப்பெண் கேள்விகளை மட்டும் எடுத்து, கேள்விக்குப் பத்து நிமிடம் வைத்து எழுதுங்கள். முழுத் தேர்வு ஜனவரிக்குப் பிறகு போதும், திருப்புதல் தேர்வுகள் எப்படியும் வரும். திருத்தும்போது நீங்களே கண்டிப்பான வாத்தியார். தப்புகளை மூன்று வகையாகப் பிரித்துக் குறியுங்கள்: தெரியாது, தெரியும் மறந்தது, தெரியும் அவசரத்தில் விட்டது. மூன்றாவது வகைக்குப் படிப்பு மருந்தில்லை. அலகு போடாமல் விடுபவன் மறுபடி பாடத்தைப் படித்து என்ன செய்ய? கடைசி ஐந்து நிமிடம் அலகு மட்டும் பார்ப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளவேண்டியதுதான்.

எட்டாம் படி: வேறொருவருக்குச் சொல்லுங்கள்

மறுபடி நன்னூல். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் புலமையில் "காற்கூறு" தான் வரும் என்கிறார் பவணந்தியார். உடன் பயில்பவரோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரை, தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்து உரைக்கும்போது. இது அளந்த கணக்கு அல்லதான். ஆனாலும் தினமும் கரும்பலகை முன் நிற்கும் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. நான் பிளஸ் டூ எழுதியபோது இயற்பியலில் சுமார்தான், சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

குரூப் ஸ்டடி என்று ஐந்து பேர் கூடினால் கடைசியில் கிரிக்கெட் பேச்சில் முடியும். இரண்டு பேர், அதிகபட்சம் மூன்று. ஆளுக்கொரு தலைப்பு முன்பே பிரித்துக்கொண்டு, ஒருவர் புத்தகம் இல்லாமல் பத்து நிமிடம் விளக்க, மற்றவர் புத்தகத்தைத் திறந்து வைத்து "ஏன்?" என்று கேட்கவேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் ஒன்பதாம் வகுப்புத் தம்பி, அதுவும் இல்லாவிட்டால் சுவர். பாட்டிக்கு நிலைமின்னியலில் வரும் காஸ் விதியை விளக்கிய ஒரு பெண் உண்டு. பாட்டிக்குப் புரியவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது.

தூக்கம்

13 முதல் 18 வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி. நம் பிள்ளைகளுக்கு எட்டு கிடைத்தாலே பெரிது. படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். இரவு 12 வரை விழித்து 4 மணிக்கு எழுந்தவர் படித்ததை அடுக்க நேரமே கொடுக்கவில்லை. அதிகாலைதான் புனிதமான நேரம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லவும் மாட்டேன். இந்த வயதில் உடம்புக் கடிகாரம் இயல்பாகவே கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பத்து மணிக்குப் படுப்பவர் ஐந்தரைக்கு எழட்டும். படுக்கவே பதினொன்று ஆகும் வீட்டில் நாலு மணி அலாரம் கொடுமை.

ஒன்பதாம் படி: அறுந்தால் என்ன செய்வது

அறும். ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம், காய்ச்சல், தீபாவளிக்கு நாலு நாள். லாலியின் ஆய்விலேயே ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைக் குலைக்கவில்லை. ஒரு நாளைவிட அதற்குப் பிறகு வரும் குற்ற உணர்ச்சிதான் கெடுக்கும். "நேத்து விட்டதையும் சேத்து இன்னைக்கு ஆறு மணி நேரம்" என்று உட்கார்ந்தால் இன்றும் போகும், நாளையும் போகும்.

விட்ட நாளை விட்டதாகவே விடுங்கள். மறுநாள் குறைந்தபட்ச அளவு மட்டும்: டீ டம்ளர், ஸ்டூல், ஒரு காலண்டர் தாள், மூன்று கேள்வி, ஐந்து நிமிடம். அவ்வளவுதான் செய்தேன் என்று எழுந்துவிடலாம். ஊருக்குப் போகும்போதுகூடக் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் தாள்களைப் புரட்டுவதற்கு ஸ்டூல் வேண்டாம். தொடர்ந்து ஒரு வாரம் போய்விட்டதென்றால் உங்கள் நங்கூரம் தவறான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். முதல் படிக்குப் போய் நோட்டைப் பாருங்கள். மாலையில் சித்தப்பா கடையில் உட்காரவேண்டிய பையன் மாலை டீயில் கொக்கி போட்டால் நிற்காது, காலையில் பல் விளக்கியபின் போடவேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்தால், "என்ன, புக்க மூடி வச்சிட்டு உக்காந்திருக்க?" என்று கேட்காதீர்கள். நான் சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. உதவ நினைத்தால் காலண்டர் தாளை வாங்கி அந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. தயங்குகிறதா, கடகடவென்று வருகிறதா என்று காது சொல்லிவிடும்.

மார்ச் மாதம்

தேர்வு நாள்களில் புதுப் பழக்கம் எதுவும் வேண்டாம். ஸ்டூல் அதே, டீ அதே. தேர்வுகளுக்கு நடுவே கிடைக்கும் நாள்களில் முதல் பாதி இரண்டாம் கவருக்கு, பின் பாதி சிவப்பு வரிகளுக்கு. புதுக் கைடு வாங்கிப் புரட்டாதீர்கள்.

ஒவ்வொரு தேர்வும் முடிந்து வெளியே வந்ததும் பள்ளி வாசலில் ஒரு கூட்டம் நின்று ஒரு மதிப்பெண் விடைகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள். கேள்வித்தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தூங்குங்கள். எழுந்ததும் எப்படியும் டீ வரும்.